விமலாவுக்குப் பிடித்த தக்காளி

பிஸ்கட் டின்னைத் திறந்து முருகையா எண்ணிப் பார்த்தார். உள்ளே ஒன்றல்ல, ஐந்து பொட்டலங்கள் இருந்தன.

எல்லாம் தக்காளி விதை. கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில், தோட்டப் பள்ளிக்கூடத்துக் குண்டுக் கையெழுத்தில் ரகத்தின் பெயரை அவர் மனைவி விமலா எழுதி வைத்திருந்தாள். செரண்டா வரியன், மண்டோர் வீட்டுக் குண்டு, மஞ்சள் மூக்கன், கோயிலடிச் சிவப்பு, பட்டாணி. கடையில் விற்கிற விதை ஒன்றுகூட இல்லை. தோட்டத்து லய வீடுகளை இடித்த பிறகும் சனங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த பழைய ரகங்கள்.

“டின்னு கிடைச்சிருச்சா?” என்று போனில் கேட்டாள் தாயம்மா. முருகையாவின் அக்கா. சுங்கை ஆயர் தாவாரில் இருந்துகொண்டே கோலா சிலாங்கூரில் இருக்கும் தம்பி வீட்டை நடத்துகிறவள்.

“கிடைச்சிருச்சு அக்கா. அஞ்சு ரகம் இருக்கு.”

“அதுல விமலாவுக்குப் பிடிச்சது எது?”

முருகையா பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னடா தம்பி, பேச்சையே காணோம்? பதினாறாம் நாள் படையல்ல அவளுக்குப் பிடிச்சது ஒன்னும் வெக்கல. கேட்டரிங்காரன் கொண்டாந்தத அப்படியே தூக்கி எலையில வெச்சோம். தலைத் திதியிலயும் அப்படிச் செஞ்சா, வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுவா. நாலு மாசம் இருக்கு. அவ வளத்த ரகத்தயே போடு.”

“சரிக்கா.”

“எதுன்னு தெரியும்ல?”

“தெரியும்லா” என்றார் முருகையா. பொய்.

அவருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஏனென்றால் முருகையாவுக்குத் தக்காளியைக் கண்டாலே ஆகாது. அந்தக் கொழகொழப்பும் விதையும் நாக்கில் பட்டால் உடம்பெல்லாம் கூசும். இந்த லட்சணத்தில், பெண் பார்க்கப் போன அன்று விமலாவின் அப்பா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர், ஒரு தட்டு நிறையத் தக்காளியை வெட்டி, உப்புத் தூவி முன்னால் வைத்துவிட்டார். “எங்க பொண்ணு வளத்தது” என்றார். மீசையை முறுக்கிக்கொண்டே சொன்னார். முருகையா தட்டைக் காலி செய்தார். பயத்தில் இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து விமலா முதல் காய்ப்பை முந்தானையில் அள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எந்தப் பாவிக்கு மனசு வரும்? இவளுக்குத் தக்காளி என்றால் உயிர் என்று முருகையா முடிவு கட்டிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டார். முப்பத்து நான்கு வருஷம் மூடியே வைத்திருந்தார்.

மூடியே வைத்திருந்தார் என்றால் சாப்பிட்டார் என்று அர்த்தம் இல்லை. மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு, “காத்தாட உட்காந்து சாப்பிடுறேன்” என்று பின்பக்கம் போவார். இடது மூலையில் வாழை மரங்கள். வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். தக்காளித் துண்டெல்லாம் வாழையைத் தாண்டிப் பறந்துவிடும். ஒருமுறை பக்கத்து வீட்டு மாலா இதைப் பார்த்துவிட்டாள். முருகையா அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டு, சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாலாவும் சத்தியம் செய்துவிட்டு, ஒரு மாதிரியாக விழித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது விமலா இல்லை. ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள்; மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. வாழ்நாள் முழுக்க அவள் தட்டை ஏமாற்றியாயிற்று, இந்த ஒரு இலையையாவது ஏமாற்றாமல் வைக்க வேண்டும் என்று முருகையாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு அன்று நிறைய நேரம் அழுதார்.

அழுது முடித்ததும் ஜோகூரில் இருக்கும் மகன் திவாகரனுக்குப் போன் போட்டார்.

“அம்மாவுக்கு எந்தத் தக்காளிப்பா பிடிக்கும்?”

“என்னாப்பா இது, அத நீங்கதான் சொல்லணும். உங்க தட்டுலதான எப்பவும் டபுளா இருக்கும்? பாசார்ல ஒரு கிலோ வாங்கி வைங்கப்பா, சிம்பிள் லா.”

அவர் போனை வைத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாலாவிடம் போனார். “ஏம்மா மாலா, நீதான் அவளோட பொழுதன்னைக்கும் பேசிக்கிட்டு இருப்ப. இந்த அஞ்சுல அவளுக்குப் பிடிச்சது எதும்மா?”

மாலாவின் கையிலிருந்த துணிக்கவ்வி கீழே விழுந்தது. “எனக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றாள். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் புருஷன் ராஜு வந்துவிட்டான். லோரி ஓட்டுகிறவன், எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பவன், ஒரு வழியும் உருப்பட்டதில்லை.

“இதுக்கா யோசிக்கிறீங்க? அஞ்சையும் போடுங்கண்ணே! அஞ்சையும் படைங்க. அக்கா எது வேணுமோ எடுத்துக்குவாங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. முருகையா பத்துப் பாலிபேக்கில் மண் நிரப்பி, ரகத்துக்கு இரண்டாக விதை போட்டார். ஐஸ்கிரீம் குச்சியில் பேனாவால் பெயர் எழுதி ஒவ்வொன்றிலும் குத்தினார். பூசை அறைக்குள் நிற்பதுபோல, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினார்.

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. மழை நின்றதும் போய்ப் பார்த்தால், பத்தும் பச்சைப் பசேலென்று நின்றன. குச்சியும் பத்து நின்றது. பெயர்தான் ஒன்றுகூட இல்லை. மை எல்லாம் கரைந்து லோங்காங் சாக்கடையில் போய்விட்டது.

“விடுங்கண்ணே, காய்ச்சா தெரிஞ்சிடும்” என்றான் ராஜு. “வரி இருந்தா வரியன், மூக்கு இருந்தா மூக்கன். சீக்கிரம் காய்க்க வெப்போம். பண்ணையில கோழிச்சாணம் இருக்கு, நான் கொண்டாறேன்.”

“அத மக்க வைக்காம போடலாமாப்பா?”

“புதுசுலதாண்ணே சத்து!”

மாலா அடுப்படி ஜன்னலிலிருந்து, “என்னங்க, செடி வெந்துடும்ங்க” என்றாள்.

“நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?”

நான்கே நாளில் ஆறு செடி வெந்தது. ராஜு மூன்று நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. முருகையா வாடிய ஆறையும் பிடுங்கி, ஒரு துணியில் சுற்றி, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார். குப்பைத் தொட்டியில் போட அவருக்கு மனசு வரவில்லை.

மிச்சம் நான்கு. எது எதுவென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். முருகையா நாற்காலியைத் தூக்கிப் போட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கே, பேப்பர் அங்கே, மதியத் தூக்கமும் அங்கேதான். “இன்னிக்கு ரெண்டு பூ வந்திருக்கு விமலா” என்று சொல்வார். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சொல்வார். மாலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காய் பிடித்தது. திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிறம் மாறியது. நிறம் மாறிய மறுநாளே மலாவாத்திக் குன்றுப் பக்கமிருந்து குரங்கு வந்தது.

“வல கட்டுங்கண்ணே” என்றான் ராஜு. மறுபடியும் தைரியம் வந்துவிட்டது அவனுக்கு. “பாசிர் பெனாம்பாங்கில மீன்காரன் ஒருத்தன் தெரியும். பழைய வல கொடுப்பான். ஈ கூட நுழையாது!”

வலையைக் கட்டினார்கள். மீன் வாடை தாமான் குடியிருப்பு முழுக்க அடித்தது. அதற்கு நாலு தெருப் பூனையும் வந்து உட்கார்ந்தது. திதிக்கு இரண்டு நாளைக்கு முன்பு, பொழுது விடிந்ததும், கீச் கீச் என்று சத்தம் கேட்டு முருகையா ஓடினார். ஈ நுழையவில்லை. குரங்கு நுழைந்திருந்தது. நுழைந்ததுக்கு வெளியே வரத் தெரியவில்லை.

“இருடா, இருடா, உன்ன ஒன்னும் பண்ண மாட்டேன்” என்று முருகையா வலையைத் தூக்கினார். குரங்கு மிரண்டு அவர் தோளில் ஏறியது. அவர் காலை வலை சுற்றியது. மனுஷனும் குரங்கும் வலையும் நான்கு செடியும் ஒரே மூட்டையாகக் கீழே விழுந்தன. ராஜு பாராங் கத்தியோடு ஓடிவந்து வலையை அறுத்துவிடுவதற்குள், குரங்கு பதற்றப்படாமல் கைக்கெட்டிய பழத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது.

செடி வேரோடு கிடந்தது. முருகையா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, அடி கிடி பட்டிருச்சா?” என்று பதறினாள் மாலா.

“என்னால ஒரு தக்காளிய வெக்க முடியலம்மா அவளுக்கு” என்றார் அவர். ராஜுவுக்குக்கூட அதற்கு ஒரு வழி சொல்லத் தோன்றவில்லை.

திதிக்கு முதல் நாள் அவருக்குத் திடீரென்று அந்த எண்ணம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பதினைந்து வருஷமும் வாழை மூலையில் எத்தனை தக்காளியை வீசியிருப்போம்! ஒரு விதையாவது முளைத்திருக்காதா? வேலிக்குள் உடம்பை நுழைத்து அப்பால் போனார். வாழை நிழலில் நத்தை இருந்தது, பழைய ரப்பர்ச் செருப்பு ஒன்று இருந்தது. தக்காளி இல்லை.

ஏமாற்றத்தோடு வேலி ஓரமாகவே வலது மூலை வரை நடந்தார். அங்கேதான் அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் குழாய் இருக்கிறது; ஒழுகுகிற தண்ணீர் வேலிக்கு வெளியே ஓடும். அந்த ஈரத்தில், பார்த்தால் நம்ப முடியவில்லை, புதர் மாதிரி தக்காளி மண்டிக் கிடந்தது. யாரும் நடாமல், பழுத்து விழுந்து, மறுபடி முளைத்து, வேலியைப் பிடித்து ஏறி, கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. வரியும் இருந்தது, மூக்கும் இருந்தது. ஐந்து பெயரில் எதற்கும் அடங்காத ஒரு பழம்.

முருகையா குழம்பிப் போனார். இந்த மூலைப் பக்கம் அவர் ஒரு நாளும் வீசியதில்லை. குழாயடியில் எப்போதும் விமலா நிற்பாள், அவள் கண்ணில் பட்டுவிடும்.

“பறவ போட்ருக்கும்” என்று அவரே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டார். ஏழு பழம் பறித்து, சட்டையைக் கழற்றி அதில் பொதிந்து கொண்டுவந்தார்.

மறுநாள் விமலாவின் படத்துக்கு முன்னால் இலை விரித்தார்கள். சோறு, சாம்பார், மீன் வறுவல், அவளுக்குப் பிடித்த பூந்தி. நடுவில் ஏழு தக்காளி. முருகையா சூடம் காட்டினார்.

“அஞ்சுல எதுன்னு தெரியல விமலா. கோவிச்சுக்காத” என்றார். “முப்பத்தி நாலு வருஷமா நான் ஒன்னயும் தின்னல. எல்லாத்தயும் வீசிட்டேன். என்ன மன்னிச்சிரு.”

திவாகரன் அப்பாவையே பார்த்தான். தாயம்மா வாயில் கை வைத்தாள். ஆனாலும் அவள் அக்கா அல்லவா, முறையை விட்டுக்கொடுக்க மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படச்சத வீட்டுக்காரந்தான் மொதல்ல திங்கணும்” என்று ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

முருகையா கடித்தார். சாறு மோவாயில் வழிந்தது. உடம்பு கூசியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. நிறுத்தவில்லை. விதை, தோல், காம்புக்குப் பக்கத்துக் கெட்டி எல்லாவற்றையும் மென்று விழுங்கினார். இரண்டாவது பழத்துக்குக் கையை நீட்டினார்.

அதற்கு மேல் மாலாவால் பொறுக்க முடியவில்லை. ராஜு அவள் கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் முன்னால் வந்து நின்றாள்.

“போதும்ணே, திங்காதீங்க! வாழ மூலையில நீங்க வீசுனத அக்காகிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனீங்கல்ல, அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே அக்கா, தன் தட்டுத் தக்காளியெல்லாம் அந்தக் குழாயடியில நின்னு வீசிப்புட்டு, ‘அவருக்குத் தக்காளின்னா உசுருடி, சொல்லிப்புடாத’ன்னு அதே சத்தியத்த எங்கிட்ட வாங்கிட்டாங்கண்ணே!”