பூஜ்ஜியம் மீட்டர் தூரத்தில் ஒரு புலி

ஒரு காட்டில் சிக்னல் கிடைக்கிற மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில், வால் வடக்குப் பக்கமாகத் தொங்கும்படி உட்கார்ந்தால் போனில் இரண்டு கோடு காட்டும். வாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மூன்று. இதைக் கண்டுபிடித்தவன் தனசேகரன் என்ற குரங்கு.

தனசேகரன் காட்டில் பிறந்தவன் இல்லை. குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். மற்றக் குரங்குகள் மொட்டைமாடியில் காயும் வடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இவன் சார்ஜில் போட்டிருந்த போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மறக்காமல் சார்ஜரையும் பிடுங்கிக்கொள்வான். குடியிருப்போர் சங்கம் புகார் கொடுத்து, கூண்டு வைத்து, எல்லாக் குரங்குகளையும் பிடித்து லாரியில் ஏற்றிக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இறங்கியதும் மற்றவை தண்ணீர் எங்கே என்று கேட்டன. தனசேகரன் மட்டும், "இங்க ஃபோர்ஜியா, ஃபைவ்ஜியா?" என்று கேட்டான்.

அந்தக் காட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. குரங்கு மரத்தின் மேல் இருக்கும், புள்ளிமான் கீழே மேயும். குரங்கு உதிர்க்கிற இலையும் பழமும் மானுக்கு. புலி வருவது மேலிருந்து தெரிந்தால் குரங்கு தொண்டை கிழியக் கத்தும், மான் ஓடும். மானுக்கு முதலில் வாடை வந்தால் அது காலால் தரையைத் தட்டும், குரங்கு இன்னும் ஒரு கிளை மேலே போகும். இவ்வளவுதான் ஏற்பாடு, யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை.

தனசேகரனின் மரத்தடியில் மேய்ந்தவள் கோமளவல்லி. அவளுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. குட்டி நிற்க முயன்றால் நான்கு கால்களும் நான்கு பக்கம் போகும். மற்ற மான்கள் புலியைப் பார்த்தபிறகு ஓடினால் போதும். கோமளவல்லி அதற்கு வெகு முன்னாலேயே குட்டியை நகர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் குட்டி தங்காது.

"தம்பி, கொஞ்சம் சீக்கிரமே பார்த்துக் கத்துப்பா. பச்சைக் குழந்தை இருக்கு" என்றாள்.

"கத்துறதா? எந்தக் காலத்துல இருக்கீங்கக்கா" என்றான் தனசேகரன். "நான் ஒரு ஆப் பண்றேன், பாருங்க."

பண்ணினான். ஆராய்ச்சிக்காரர்கள் யாரோ அந்தக் காட்டில் இருந்த ஒரே புலியின் கழுத்தில் சிக்னல் அனுப்பும் பட்டை ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புலி அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக் கழுத்தை நிமிர்த்தியே நடந்தது. அந்தப் பட்டையின் சிக்னலைத் தனசேகரன் ஆப்பில் இழுத்தான். காட்டைச் சுற்றிப் பார்க்க ஜீப்பில் வந்தவர்களின் போன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பறித்து, விலங்குகளுக்காக வனத்துறை கட்டிய தண்ணீர்த் தொட்டியருகே இருந்த சோலார் பேனலில் சார்ஜ் போட்டு, ஒவ்வொரு விலங்கின் கழுத்திலும் கொடியால் கட்டித் தொங்கவிட்டான். நாவல் மர உச்சியில் ஒரு போனைக் கட்டி, அதன் வழியாகக் காடு முழுக்கச் சிக்னல் போகும்படி செய்தான். ஆப்புக்கு 'உஷார்' என்று பெயர் வைத்தான். வைத்த நாளன்று சந்தோஷத்தில் ஒரு கிளையைத் தவறவிட்டு முதுகில் விழுந்தான். விழுந்தபடியே அதைச் செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

உஷார் பிரமாதமாக வேலை செய்தது. புலி நெருங்கினால், எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று போன் சொல்லும். மான், முயல், காட்டுப்பன்றி எல்லோரும் சாவகாசமாக வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு எழுந்து போனார்கள். புலிக்கு இடுப்பு எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் புலி நாவல் மரத்தடிக்கே வந்தது. கோமளவல்லி குட்டியோடு முன்பே போய்விட்டிருந்தாள்.

"ஏம்ப்பா, எல்லார் கழுத்துலயும் ஒண்ணு தொங்குதே, அது என்ன?" என்று கேட்டது.

புத்தியுள்ள குரங்கு அந்த நேரத்தில் மேலே ஏறியிருக்கும். தனசேகரன் இரண்டு கிளை கீழே இறங்கினான். ஆப்பைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் அவரைச் சும்மா அனுப்ப அவனால் முடியாது. அதோடு, காட்டில் உஷாரில் சேராமல் பாக்கி இருந்தது புலி மட்டும்தான். அந்த ஒரு குறை அவன் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"சார், நீங்களும் சேர்ந்துடுங்க" என்று ஒரு போனைக் கீழே இறக்கினான். "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

புலி படித்துச் சொன்னது.

"இப்ப 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்துங்க."

"எதை ஒப்புக்கணும்?"

"அது யாருக்கும் தெரியாது சார். அழுத்துங்க."

அழுத்தியது. நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று போன் கேட்டது. புலிக்குப் பசி, 'பிறகு' என்பதை அழுத்தியது. உடனே திரையில் காடு முழுவதும் விரிந்தது. ஒவ்வொரு மானும் ஒரு புள்ளியாக ஊர்ந்தது. ஒரு புள்ளி மட்டும் ஓடையோரத்தில் நகராமல் கிடந்தது. அது குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த கோமளவல்லி. புலி போனை வாயில் கவ்விக்கொண்டு கிளம்பியது.

கோமளவல்லியின் போன் அலறியது. அவள் எழுந்தாள், குட்டி எழவில்லை. முட்டித் தள்ளினாள், குட்டி இரண்டடி வைத்து உட்கார்ந்தது. தனசேகரன் கிளைக்குக் கிளை தாவி மூச்சிரைக்க வந்து, புலியிடமும் போன் இருப்பதைச் சொன்னான்.

"அவன் கைக்கு எதுக்குடா போன் குடுத்த?" என்றாள் கோமளவல்லி.

"காடு முழுக்கச் சேர்ந்தாச்சுன்னு ஆகட்டுமேன்னு…" என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

புலி புல்லுக்குள் வந்து பதுங்கியது. போனைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னங்கால்களை மடக்கியது. சரியாக அந்த நேரம் பார்த்து, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று போன் மறுபடியும் கேட்டது. போன் என்றாலே அப்படித்தான், சம்மதிக்கும்வரை விடாது. தொல்லை ஒழியட்டும் என்று புலி 'அனுமதி' என்பதை அழுத்தியது.

"உஷார். உஷார். புலி உங்களுக்கு மிக அருகில். பூஜ்ஜியம் மீட்டர்."

புலியின் மீசை விறைத்தது. நான் இங்கே இருக்கிறேன், ஆக அது நானில்லை என்று கணக்குப் போட்டது. செய்தி என்றாலே அடுத்தவரைப் பற்றியது என்று நம்புகிற ஆட்கள் உண்டு, புலியும் அந்த ரகம். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெரும்புலி எல்லை தாண்டி வரப்போவதாக வேறு பேச்சு இருந்தது. புலி திரும்பிப் பார்த்தது, யாரும் இல்லை. போனைக் கவ்வியபடி மெல்ல இடதுபுறம் நகர்ந்தது. பூஜ்ஜியம் மீட்டர். ஓட்டமாகக் குன்றின் மேல் ஏறியது. பூஜ்ஜியம் மீட்டர்.

"என்ன வேகத்துல ஓடி வர்றான்" என்று மிரண்டு ஆற்றில் குதித்து நீந்தியது. அக்கரையிலும் பூஜ்ஜியம் மீட்டர்.

"நீச்சலும் தெரியுது" என்று சொல்லிவிட்டு மலையையும் தாண்டிப் போய்விட்டது.

ஓடையோரத்தில் குட்டி ஒன்றும் நடக்காததுபோல மறுபடி பால் குடித்தது. கோமளவல்லி அழுது தீர்த்தாள். தனசேகரன் மட்டும் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அக்கா, மானம் போச்சு. புலியைப் பத்திப் புலிக்கே நோட்டிஃபிகேஷன் போயிருக்கு. 'இது நீங்கள்தான்'னு நீலப் புள்ளி ஒண்ணு வெச்சாச் சரியாயிடும். இன்னைக்கே அப்டேட் அனுப்பிடறேன்."

"அனுப்பினா அவன் திரும்பி வந்துடுவான்டா."

"வரட்டுங்க்கா. தப்போட ஒரு ஆப்பை வெச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், குட்டியின் ஆடும் கால்களைக் காட்டினாள். அவன் கண்ணில் நீலப் புள்ளிதான் தெரிந்தது. விரல் 'அனுப்பு' என்பதை நோக்கிப் போனது.

கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி தம்பி, அனுப்பு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த லோகோ கொஞ்சம் பச்சையா இருந்தா இன்னும் நல்லா இருக்குமோ?"

விரல் நின்றது. தனசேகரன் நிமிர்ந்து பார்த்தான். இதுவரை யாரும் அவனிடம் லோகோவைப் பற்றிப் பேசியதே இல்லை. "என்ன பச்சைக்கா?"

"கொழுந்துப் பச்சை. இல்ல, மழைக்கு முன்னாடி ஒரு பச்சை வருமே, அது."

அவன் அன்று முழுவதும் பச்சை தேடினான். மறுநாள், எழுத்து கொஞ்சம் உருண்டையாக இருக்கலாமே என்றாள். அதற்கடுத்து, காலை வணக்கத்தில் செம்பருத்திப் படம் வேண்டும் என்றாள். விஷயம் பரவி, கரடி இருட்டுத் திரை கேட்டது, முள்ளம்பன்றி தொடாமலே திறக்கிற மாதிரி கேட்டது. தனசேகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்டேட் இதோ இந்த வாரம் வந்துவிடும் என்று எல்லா வாரமும் சொன்னான்.

மலைக்கு அப்பாலிருந்து புலியின் செய்தி ஒன்று வந்தது. "அவர் இன்னும் என் பக்கத்திலேயேதான் இருக்கிறார். பழகிவிட்டது. சாப்பாட்டில் பாதி அவருக்கு எடுத்து வைக்கிறேன். கூச்ச சுபாவம், நான் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறார்."

கோமளவல்லி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது குட்டி காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடையைத் தாண்டிக் குதித்தது. மரத்தின் மேலிருந்து தனசேகரன் கேட்டான்:

"அக்கா, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? முடிவு பண்ணிட்டா இன்னைக்கே அனுப்பிடலாம்."

"ரெண்டையும் போட்டுக் காட்டு தம்பி" என்றாள் கோமளவல்லி. "பாப்போம்."

நீதி: உங்கள் உயிரைக் காப்பாற்றும் பிழையைத் திருத்தியே தீருவேன் என்று ஒருவர் துடித்தால் அவரோடு வாதாடாதீர்கள். லோகோவின் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள்.