சிக்னல் அண்ணையும் கழண்டுபோன கைப்பட்டியும்

மண்டைதீவில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையக்கூடியவை இரண்டு. ஒன்று உப்புக்காற்று, மற்றது சிக்னல் அண்ணை. காற்றுக்காவது கதவைச் சாத்தலாம்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பு எழுதியவருக்கு மட்டுமே தெரியும். கைபேசி ஊருக்குள் வந்த புதிதில், எந்த வளவில் எந்த மூலையில் நின்றால் சிக்னல் எடுக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். லண்டன் மாப்பிள்ளை ஒருவர் முதல்முதல் பெண்ணோடு கதைக்க எடுத்தபோது, பெண்ணைக் கிணற்றுக்கட்டில் ஏற்றி, முகத்தைத் தெற்கே திருப்பிவிட்டு, "இப்ப வெக்கப்பட்டுக் கதை பிள்ளை, அங்கை வடிவாக் கேக்கும்" என்றாராம். கல்யாணமும் நடந்தது.

எந்த இயந்திரத்தையும் அவர் 'அது' என்று சொல்வதில்லை. கைபேசி 'இவர்'. மின்விசிறி 'அவ'. என்னுடைய பழைய தொலைக்காட்சி 'பெரியவர்'. நான் வெறும் 'கிளாக்கர்'. கந்தோரில் முப்பது வருடம் கதிரையை விட்டு எழும்பாமல் எழுத்தராகச் சேவை செய்தவன் நான். பென்சனுக்கு வரும்போது எழும்பவேண்டி வந்ததுதான் எனக்குக் கவலை.

அந்தக் கதிரை வாழ்க்கை எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவைத் தந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் மகள் சுமதி, நடக்கிற அடியை எண்ணும் கறுப்புக் கைப்பட்டி ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு மிரட்டலும் வந்தது.

"அப்பா, இதைப் போனோடை இணைச்சா நீங்கள் நடக்கிறது எனக்கு இஞ்சை தெரியும். நடக்காட்டில் தனிய விடமாட்டன். இஞ்சை கூப்பிட்டிடுவன்."

மனைவி போனபிறகு நான் தனி. ஆனாலும் பதினாறாம் மாடியில் இருந்து பனி பார்க்க எனக்கு விருப்பமில்லை. மண்டைதீவில்தான் சாகவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கு இவ்வளவு நடக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கிளாக்கர் அல்லவா, குறிப்புத்தாளை முற்றுப்புள்ளி உட்பட வாசித்தேன். போன் திரையில் பட்டியின் பெயர் வந்தது. விரலால் அமத்தினேன். இணைந்துவிட்டது. அந்தக் களைப்பில் அன்று முழுக்கக் கதிரையில் இருந்தேன்.

பின்னேரம் சுமதி எடுத்தாள். "அப்பா, பதினோராயிரம் அடி நடந்திருக்கிறியள். எனக்கு அழுகையே வந்திட்டுது."

"ஓம் பிள்ளை, கொஞ்சம் கால் உளையுதுதான்" என்றேன். மூன்று நாள் இப்படியே பாராட்டு வாங்கினேன். நாலாம் நாள் அவளுடைய குரல் மாறியிருந்தது.

"அப்பா, விடிய நாலு மணிக்கு எழும்பி என்ன செய்யிறியள்? மத்தியானம் நெஞ்சு ஏன் அப்பிடி அடிச்சது? உண்மையைச் சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்து, வழக்கம்போலக் கேட்காமல் உள்ளே வந்தார் சிக்னல் அண்ணை. கையில் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. போனை வாங்கிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"கிளாக்கர், இவர் உம்மடை பட்டியோடை இணையேல்லை. பக்கத்து வீட்டுப் பவளமக்கான்ரை பட்டியோடை இணைஞ்சிருக்கிறார். நீர் மூண்டு நாளா மாடு மேய்ச்சிருக்கிறீர். இண்டைக்கு மத்தியானம் கண்டுக்குட்டிக்குப் பின்னாலை ஓடினதும் நீர்தான்."

ரொறன்ரோவில் ஏதோ கடையில் மலிவு விற்பனை போட்டிருக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டுக்கு ஒரே பட்டி வந்திருந்தது. வேலிக்கு அப்பால் இருந்து பவளமக்காவின் குரல் வந்தது.

"நான் ஒரு அடியும் நடக்கேல்லை எண்டு மோன் ஏசினவன் கிளாக்கர் அண்ணை. எல்லாம் நீங்களோ எடுத்தனீங்கள்?"

இவ்வளவும் போனுக்குள்ளால் சுமதிக்குக் கேட்டது. "பாஸ்போட்டைத் தேடி வையுங்கோ அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நான் இடிந்துபோய் இருக்க, சிக்னல் அண்ணை குடையை ஊன்றினார். "இந்த ஒழுங்கைக்குள்ளை இணைக்க ஏலாது. அஞ்சு பேர் ஒரே பேரோடை நிண்டா இவர் குழம்பாமல் என்ன செய்வார்? எழும்பும். பாலத்துக்குப் போவம். ரெண்டு பக்கமும் கடல். வேறை ஒருத்தரும் இல்லை."

பண்ணைப் பாலத்தில் பாதித் தூரம் நடத்திக்கொண்டு போனார். இணைக்கத் தொடங்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் வந்தது. குடையை உயர்த்தினார்.

"பொறும். பஸ் போகட்டும். இல்லாட்டி ட்றைவரோடை இணைஞ்சு ஊர்காவற்றுறைக்குப் போயிடுவார்."

பஸ் போனது. பட்டி இணைந்தது. திரும்பி வந்ததும் என் வாசல் படலையடியில், "தாரும், மகளுக்குக் கணக்குப் போய்ச் சேந்ததோ பாப்பம்" என்று போனை வாங்கித் தட்டிப் பார்த்துத் தந்தார்.

அடுத்தநாள் காலை பட்டி கழண்டிருந்தது.

"இவருக்கு உம்மடை கை இன்னும் பழகேல்லை" என்றார் அண்ணை. "வாரும், பாலத்துக்கு."

அதற்கு அடுத்தநாளும் பழகவில்லை. அந்த மாதம் முழுக்கப் பழகவில்லை. தினமும் பாலம், குடை, பஸ், இணைப்பு. வழி முழுக்க அவர்தான் கதைப்பார். எனக்கு மூச்சு வாங்குவதால் எல்லாவற்றுக்கும் ஓம் போடுவேன். இரண்டாம் மாதம் அவர் சொல்வதை மறுத்துக் கதைக்கத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் நடந்துகொண்டே சண்டை பிடித்தேன்.

சீனி இறங்கியது. சுமதி சந்தோசப்பட்டாள். "இனிக் கூப்பிடுற கதை கதைக்கமாட்டன் அப்பா. ஆனா ஏன் ஒவ்வொரு நாளும் புதுசா இணைக்கிறியள்? ஒருக்கா இணைச்சாக் காணும். ஆரும் அழிச்சாத்தான் கழரும்."

மறுநாள் நடந்து வந்தபின், படலையடியில் போனைக் கொடுத்துவிட்டு அவருடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் பழகிய இடத்துக்குப் போனது.

"அண்ணை, சீனி இறங்கிட்டுது. மகள் இனிக் கூப்பிடமாட்டாவாம்."

விரல் அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை அமத்தாமலே திருப்பித் தந்தார்.

"அப்ப சரி. இனி இவர் கழரமாட்டார்."

சொன்னபடியே காலையில் பட்டி இணைந்தபடி இருந்தது. படலையடியில் குடையைக் காணவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். குசினியிலிருந்து கதிரைக்குப் பதினான்கு அடி என்று பட்டி சொன்னது. தேத்தண்ணி ஆறியது. போனை எடுத்து, அவருடைய விரல் நின்ற இடத்தைத் தேடிப்பிடித்து அமத்தினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. யாருமில்லாத வீட்டில் சத்தமாக "ஓம்" என்றேன்.

போனோடு அவருடைய வீட்டுக்கு நடந்தேன். அண்ணை வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

"அண்ணை, இவர் திரும்பவும் கழண்டிட்டார்."

அவர் போனை வாங்கிப் பார்க்கவே இல்லை. செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.