என் கம்பெனியின் பெயரில் இருந்த 'அன்'

பசங்களா, உங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாததால் அவமானம் வரவில்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை நன்றாகத் தெரிந்ததால்தான் வந்தது.

மந்தைவெளி வீட்டு முன்னறையில் சமைத்து, கேரியரில் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தோம். கிண்டியில் ஓர் அலுவலகம் தினமும் நூறு சாப்பாடு கேட்டது. கம்பெனியாகப் பதிவு செய்தால்தான் ஆர்டர் என்றார்கள். மயிலாப்பூர் ஆடிட்டரிடம் ஓடினேன்.

"பேர் என்ன வேணா வெச்சுக்கோங்கோ. கடைசில பிரைவேட் லிமிடெட்னு வரணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிமிடெட் சாப்பாடு என்றால் ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அப்பளம், மறுபடி கேட்டால் ஒரு முறைப்பு. (ஹோட்டலில் பதினைந்து வருடம் பரிமாறியவனுக்கு இதுகூடத் தெரியாதா?)

"சாப்பாட்டுக் கம்பெனிக்கு லிமிடெட்னு பேர் வெச்சா எவன் சார் வருவான்? அன்லிமிடெட்னு போடுங்க."

"அதுக்கு அர்த்தமே வேற. நஷ்டம் வந்தா..."

"நஷ்டம் எப்படி சார் வரும்? ரசம்தானே அன்லிமிடெட்."

மூன்று தடவை விளக்கினார். மூன்று தடவையும் நான் ரசத்துக்கே திரும்பினேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யோசிச்சுட்டு வாங்கோ" என்றார்.

நான் எங்கே யோசித்தேன்? பதிவாவதற்கு முன்பே போர்டு எழுதி மாட்டிவிட்டேன், உங்கள் அம்மா பெயரில்: 'செங்கமலம் கேட்டரிங் பிரைவேட் அன்லிமிடெட்'.

மறுநாள் சமையலறையைப் பார்க்க வந்த கிண்டி மேனேஜர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா? லிமிடெட்னா, கம்பெனி முழுகினா போட்ட பணத்தோட போச்சு. அன்லிமிடெட்னா உங்க வீட்டையும் வித்துக் கட்டணும்."

அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். வீடு அவளுக்கு அவள் அப்பா கொடுத்தது.

"என் பேரப் போட்டு என் வூட்டையே விக்கப் பாத்தியா? இன்னா தெகிரியம்யா உனுக்கு?"

"இல்ல, ரசம்..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் ஸ்டூலில் ஏறி, 'அன்' மேல் இட்லி மாவை அப்பிவிட்டாள்.

"இப்ப சரியா சார்?"

"முதல்ல அந்த போர்டைக் கழட்டுங்க. முறையா பதிவு பண்ணிட்டு வாங்க, ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். அம்மாவிடம்தான் சொன்னார்; என் பக்கம் திரும்பவே இல்லை.

லிமிடெட்டாகவே பதிவு செய்தோம். ஆர்டரும் வந்தது. ஆனால் இன்றுவரை நான் மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டினால், நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள். அம்மா கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்:

"புள்ளைங்களுக்குத்தான் அன்லிமிடெட்டு. நீ எய்ந்திரு."