கண்டக்டரின் விசாரணை

யானைக்குப் பயந்திருக்கிறேன், சோதனைச்சாவடிக்குப் பயந்திருக்கிறேன். ஆனால் கண்டக்டருக்குப் பயந்த அளவு இந்த வன்னியில் நான் வேறெதற்கும் பயந்ததில்லை.

கிளிநொச்சியில் அம்மா போய்வரும் முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் அவரும் ஒரு முதியவர்தான். வயது எழுபத்தெட்டு, முழங்கால் மடங்காது. பஸ் வேலையை விட்டு இருபது வருடமாகியும் கழுத்தில் விசில் தொங்கும். காலையில் நிலையத்து வான் வண்டி எங்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்ததும் முதலில் இறங்கி வீட்டுக்காரரை விசாரிப்பார்.

“சாப்பிட்டவவோ? மருந்து குடுத்ததோ? இரவு விழுந்து கிழுந்து எழும்பினவவோ?”

மாத்திரையை நாக்குக்கடியில் ஒளிப்பவர்களை வாயைத் திறக்கவைத்துப் பார்ப்பார். பின்னேரம் கூட்டிப்போகப் பிந்தி வரும் பிள்ளைகள், தலைநரைத்தவர்கள்கூட, அவர்முன் கைகட்டி நிற்பார்கள். ஒருநாள் தனக்கே இருமல் வந்தபோது, “வருத்தக்காரருக்கு இடமில்லை” என்று தன்னைத்தானே இறக்கிவிட்டு, விசிலடித்து வானை அனுப்பினார்.

எனக்கோ சோதனைச்சாவடியில் பழகிய வாய். யார் விசாரித்தாலும் கேள்வி முடியுமுன்னே “ஓம், எல்லாம் சரி” என்றுவிடும்.

அன்று அம்மாவுக்கு இன்சுலின் ஊசியை நான் போட்டு முடிக்க, குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: “ஊசி நான் அப்பவே போட்டிட்டன். நீங்கள் இடியப்பத்தைக் குடுங்கோ.”

ரெண்டு ஊசி! அம்மாவுக்குச் சற்றுமுன் நடந்ததே நினைவில் நிற்பதில்லை. இடியப்பத்தையும் அவ தொடவில்லை. அதற்குள் வான் வந்துவிட்டது.

“மருந்து குடுத்ததோ?”

“ஓம், எல்லாம் சரி.”

வாய் முந்திவிட்டது. திருத்திச் சொல்லப் பயம்; அம்மாவை ஏற்றிவிட்டேன். வானுக்குள் தாதி இருக்கிறா, பார்த்துக்கொள்வா என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

“அம்மாவுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?” விசில் அலறியது. புறப்பட்ட வான் நின்றது. “தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. என்ன செய்தனீங்கள்?”

“ரெண்டு ஊசி, ஐயா.” அழுதுவிட்டேன்.

தாதி குளுக்கோஸைக் கரைத்துப் பருக்கினா. நானும் ஏறிக்கொள்ள, வான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அம்மாவின் தலை என் தோளில் சரிந்தபோது, என் கையாலேயே அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர் வழிநெடுகத் திட்டினார்: “ஏச்சுக்குப் பயந்து ஆளைச் சாகக் குடுக்கப் பாத்தீரே!”

மத்தியானம் அம்மா கண் திறந்து தேத்தண்ணி கேட்டா. வெளியே ஓடிவந்து சொன்னேன். கண்டக்டர் வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார். அவருடைய கைகள் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன.

“எனக்கும் சரியான பயமடா தம்பி,” என்றார்.

பக்கத்தில் அமர்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். உதறல் நின்றபிறகும் விட மனம் வரவில்லை.