காயம்பட்டவர்கள் வரிசையில் நான் நின்ற சனிக்கிழமை

மதிப்பும் பிரியமும் உள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நான் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன். நீங்கள் அதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் டிரைவிங் ஸ்கூலும், அதன் மூன்று கார்களும், அவற்றில் ஏறி இறங்கும் மாணவர்களும் கை கால் சேதமில்லாமல் இருக்கட்டும். இராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு எதிரே உள்ள விடுதியில், மாடி அறையில், ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். என் கைப்பேசி இன்று காலை ஓடையில் விழுந்து உயிரை விட்டது. அதனால் சாயங்கால பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் உங்கள் மூன்று கார்களில் பிரேக் பிடிக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு நாளை மதியத்துக்குள் வந்து சேருங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். புதன்கிழமை பொம்மி போன் பண்ணினாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்றே நிமிடம்தான் போன். அதில் இரண்டு நிமிடம் அழுதாள். மூன்றாவது நிமிடத்தில், "அப்பா, சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. காரணம் மட்டும் கேக்காதீங்க" என்றாள். சேர்ந்த ஆறு வாரத்துக்குள் பெற்றவர் வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். அந்த ஆறாவது வாரம் நாளை மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதைத் தாண்டினால் நாலு வருஷத்துக்குப் பிள்ளையை அசைக்க முடியாது. இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டு நீங்கள் அங்கே நிம்மதியாக ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அக்காவோ, "பொண்ணு இல்லாம வாசப்படி மிதிக்காதீங்க" என்று சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றினாள்.

காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்தேன் மாப்பிள்ளை. பக்கத்துக் கதவில் என் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஸ்டேஷனில் சாமான் காப்பறையில் உட்கார்ந்தவன் நான், வரிசையைப் பார்த்தால் கால் தானாகப் போய்விடும். பெற்றோர்கள் போலிருக்கிறது என்று நானும் கடைசியில் நின்றேன். மேஜையில் இருந்தவர் என் பையை வாங்கி உள்ளே வைத்தார், படிக்கிற கண்ணாடியும் அதற்குள் போய்விட்டது. "முதலாண்டுக்கா வந்திருக்கீங்க?" என்றார். முதலாண்டுக்குத்தான் என்றேன். "புதுசா?" என்றார். ஆமாம், இதுதான் முதல் தடவை என்றேன். "பயப்படாதீங்க, நல்லாப் பாத்துப்பாங்க" என்று சொல்லி என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். எவ்வளவு மரியாதையான இடம் என்று நினைத்தேன். அடுத்து ஒரு பெண் ஒரு டப்பாவோடு வந்து, "கண்ணை மூடிக்குங்க" என்று சொல்லி என் முகவாயிலும் புதுச் சட்டையிலும் சிவப்புச் சாயத்தைப் பூசினாள். கொஞ்சம் திகைத்தேன்தான். ஆனால் எங்கள் காப்பறையிலும் சாமானுக்குச் சாக்பீஸில் குறி போடுவோமே, இங்கே வந்த ஆளுக்குப் போடுகிறார்கள் போல என்று சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு எங்களை ஒரு லாரியில் ஏற்றிக் குன்றுக்குப் பின்னால் கொண்டுபோய், புதருக்கு ஒருத்தராகப் படுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துப் புதரில் முடிதிருத்தும் கடைக்காரப் பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னங்க இது, பிள்ளைங்களை எங்கே காட்டுவாங்க?" என்று கேட்டேன். அவர் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டி, "நான் செத்து அரை மணி நேரம் ஆச்சு. எங்கிட்டப் பேசாதீங்க, விசில்காரர், அதான் பயிற்சி அதிகாரி, பாத்தா திட்டுவாரு" என்றார். செத்தவர் பக்கத்தைத் திருப்பி விளையாட்டுச் செய்தி படித்தார்.

அப்போதுதான் பிள்ளைகள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது யார் தெரியுமா? நம்ம பொம்மி! வெயிலில் கறுத்து, முடியை ஒட்ட வெட்டி, இருந்தாலும் என் பெண் எனக்குத் தெரியாதா? "பொம்மி!" என்று எழுந்தேன். ஒரு பையன் என் தோளை அமுக்கி, "ஐயா, உங்களால பேச முடியாது. தாடை உடைஞ்சிருக்கு" என்றான். "இப்பப் பேசிக்கிட்டுத்தானேப்பா இருக்கேன்?" என்றேன். "அட்டையில போட்டிருக்கு ஐயா" என்றான். வாழ்நாள் முழுக்க, சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் சாமான், ஆள் சொல்வதைக் கேட்காதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். அட்டையைக் கழற்றி எறிந்திருக்கலாம் என்பீர்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அதுதான் காப்பறைச் சட்டம். ஒரு நாளும் நான் அதை மீறியதில்லை.

சரி, பெண்ணாவது சொல்வாள் என்று, "நான்தான்டி உன் அப்பா!" என்று கத்தினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை மாப்பிள்ளை. "இவருக்கு நினைவு தடுமாறுது, எழுதிக்கோ" என்றாள். அந்தப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த நிமிடம் அவளே என் முகவாயைச் சுற்றிக் கட்டுப்போட்டு உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அதோடு என் வாய் மூடியது. ஆறு வாரத்தில் பெற்ற தகப்பனை மறக்கடிக்க முடியுமா? என்ன மாயம் பண்ணுகிறார்கள் இங்கே?

அப்புறம் என்னைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள், ஓடையைக் கடந்தார்கள் (கைப்பேசி போனது அங்கேதான்), மறுபடி ஏறினார்கள். பின்னால் இருந்தவன் கை மாற்றினான், பக்கத்தில் இருந்தவன் கை மாற்றினான், முன் கைப்பிடியைப் பிடித்த பொம்மி மட்டும் மாற்றவே இல்லை. நான் கட்டுக்குள்ளேயே முனகிக்கொண்டு போனேன். மைதானத்துக்கு வந்ததும் விசில் சத்தம் கேட்டது. செத்தவர்கூட எழுந்து அட்டையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மட்டும், கட்டியவர் வரட்டும் என்று படுத்தே கிடந்தேன். விசில்காரர் வந்து குனிந்து பார்த்து, "இவ்வளவு ஒழுங்கான காயக்காரரை என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்று கை தட்டினார், எல்லாப் பிள்ளைகளும் தட்டினார்கள். கட்டை அவிழ்த்து நான் விஷயத்தைச் சொல்வதற்குள் பொம்மியின் குழுவை வரைபடப் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தகப்பன் என்று சொன்னதற்கு மேஜைக்காரர், "இது முதலுதவிப் பயிற்சிக்குக் காயம்பட்டவங்களா நடிக்கிறவங்க வரிசை. பெற்றோர் வரிசை அந்தப் பக்கம் சார், அது ஒன்பது மணிக்கே முடிஞ்சிடுச்சு" என்கிறார்.

ஆகவே நாளை நீங்கள் வந்து நாலு வார்த்தை பேசி, பெண்ணை வெளியே கொண்டுவர வேண்டும். எனக்குப் பேச்சு வராது, வந்தாலும் இங்கே யாரும் கேட்பதில்லை. பொம்மி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவளை விட்டுவிட்டு என்னால் வர முடியாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு மட்டும் கோபம் கலந்த அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். வர வேண்டாம். கார் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் வெளியே விடுவார்களாம். பொம்மி வந்துவிட்டு இப்போதுதான் போகிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே சரிவில் அவள் கை நழுவி ஸ்ட்ரெச்சர் கவிழ்ந்து, கூடப் படிக்கிற பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டதாம். அன்றிலிருந்து கைப்பிடியைத் தொட்டாலே நடுக்கமாம். அதனால்தான் வீட்டுக்கு வருகிறேன் என்றாளாம். "உங்களைப் பாத்ததுமே தெரிஞ்சதுப்பா. வாயைத் திறந்தா அழுதுடுவேன்னுதான் பேசல. அப்பாவைக் கீழ போட்டுடக் கூடாதுன்னு பாதையை மட்டும் பாத்தேன். கை நடுங்கவே இல்லப்பா" என்றாள். நான் கையெழுத்துப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. உங்கள் அக்காவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வாசல் வரை போனவள் திரும்பி நின்று எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஈரத் துண்டோடு எழுந்து நின்று நான் அவளைக் கும்பிட்டேன்.