ஜெயகௌரி ரீச்சரும் கணிதத்தில் ஒரு ‘சி’யும்

கனம் பொருந்திய வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்கட்கு,

குருநகரிலிருந்து கடற்றொழிலாளி சந்தியாப்பிள்ளை பிலிப்பு மிகுந்த மரியாதையோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மனைவி மக்டலீனும் பிள்ளைகளும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கந்தோரில் உள்ள அனைவரும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டும். தங்களுக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி முறைப்பாடு என்று கேள்வி. பயப்பட வேண்டாம், இது அப்படிப்பட்டதல்ல. இதில் யாரையாவது குற்றம் சொல்வதென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

விடயம் என்னவென்றால், என் மூத்த மகள் மேரி நிரோஜா சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் ‘சி’ எடுத்திருக்கிறாள். ஒரு ‘சி’க்காகவா பணிப்பாளருக்குக் கடிதம் என்று தாங்கள் யோசிக்கக்கூடும். எங்கள் பரம்பரையில் கணக்கில் சித்தியடைந்த முதல் ஆள் அவள், ஐயா. நான் எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே யன்னலால் குதித்துக் கடலுக்குப் போனவன். இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை.

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்த முன்னோடிப் பரீட்சையில் நிரோஜாவுக்குக் கணிதத்தில் நூற்றுக்குப் பதினொரு புள்ளி. அன்று பின்னேரம் வந்து புத்தகப் பையைக் கொண்டுபோய் விறகோடு வைத்துவிட்டு, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன், நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்றாள். ஒரு தகப்பன் அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நானோ, “உனக்கும் என்ரை மண்டைதான்” என்று சொல்லி, அதையே பெரிய ஆறுதலென்று நினைத்துக்கொண்டு தொழிலுக்குப் போய்விட்டேன். மக்டலீன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆறாம் நாள் காலை. படகைக் கரைக்கு இழுத்துவிட்டு வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். அப்போது குடையும் கைப்பையுமாக ஒருவர் சேற்றில் காலை எடுத்து எடுத்து வைத்து வந்தார். அவர்தான் கணிதம் படிப்பிக்கும் ஜெயகௌரி ரீச்சர். தினமும் பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஐயா, உண்மையை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடமாகக் கடலில் எத்தனையோ காற்றும் மழையும் பார்த்தவன், கணக்கு ரீச்சரைக் கண்டதும் எட்டாம் வகுப்புப் பயம் வந்து, படகுக்குள் படுத்து வலையை இழுத்து மேலே போட்டுக்கொண்டேன். என்னோடு தொழிலுக்கு வரும் சுபாஸ், பிலிப்பு அண்ணை இன்னும் கடலால் வரவில்லை என்று மரியாதையாகச் சொன்னான். அவன் அப்படிச் சொன்னது என் படகில் சாய்ந்துகொண்டு. என் கால்கள் இரண்டும் வலைக்கு வெளியே இருந்தன.

ரீச்சர் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நிரோஜாவின்ரை அப்பா, நீங்கள் எழும்ப வேண்டாம், படுத்துக்கொண்டே கேளுங்கோ. உங்கடை பிள்ளை மொக்கு இல்லை. ஆறாம் வகுப்பிலை பின்னம் படிப்பிச்ச நேரம் ரெண்டு மாதம் அவள் பள்ளிக்கூடம் வரேல்லை. பழைய வரவு இடாப்பெல்லாம் எடுத்துப் பார்த்தனான். அண்டையிலையிருந்து அஞ்சு வருசமா விளங்கின மாதிரி நடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். அது எவ்வளவு கஷ்டமான வேலை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அந்த இரண்டு மாதமும் மக்டலீன் சத்திரசிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலம். பதினொரு வயதுப் பிள்ளை சமைத்து, தங்கச்சிமாரைக் குளிப்பாட்டி, எனக்கும் சோறு கட்டித் தந்தாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், நானும் எல்லாம் சரியென்று இருந்துவிட்டேன். வலைக்குள்ளே எனக்குக் கண் எரிந்தது. வலையில் சொறிமுட்டை ஒட்டியிருந்தது, அதுதான் எரிகிறது என்று பிறகு சுபாஸுக்குச் சொன்னேன். அன்று வலையில் ஒரு சொறிமுட்டையும் இல்லை. ரீச்சர், பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது, அந்த நாலு மாதத்தையும் தனக்குத் தரவேண்டும் என்றார். நான் வலைக்குள்ளிருந்தபடியே ஓம் ரீச்சர் என்றேன்.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஐந்து மணி வரை வகுப்பு. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினார்கள். மற்றப் பிள்ளைகள் கண்டு பகிடி பண்ணாமலிருக்க, அந்தப் புத்தகத்துக்குப் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் மட்டையை ரீச்சர் தன் கையாலேயே ஒட்டிக் கொடுத்திருந்தார். விஞ்ஞானம் படிப்பிக்கும் கஜானன் சேர், வாசற்கதவைப் பூட்டும் பொறுப்பு தன்னுடையது என்பதற்காக, ஒரு நாளும் முகம் சுளிக்காமல் ஐந்து மணி வரை விறாந்தையில் இருந்து விடைத்தாள் திருத்துவார். இரண்டாம் கிழமை நிரோஜா சோறு சாப்பிடும்போது தன்பாட்டில் சிரித்தாள். என்ன பிள்ளை என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, பின்னத்தின் கீழ்ப்பகுதியைப் பொதுவாக்குவது விளங்கிவிட்டது என்றாள். எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்தேன்.

இந்த நன்றிக்கு என்ன செய்வது என்று யோசித்து, வலையில் பட்ட முதல் தரமான அறக்குளா மீன் ஒன்றை, இடுப்பளவு நீளம் இருக்கும், யூரியா பையில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் பஸ் ஏறினேன். மானிப்பாய் தாண்டும்போது ஐஸ் உருகிப் பைக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது, முன்னால் இருந்த ஐயரின் செருப்பு நனைந்தது, நடத்துநர் என்னையும் மீனையும் மிதிபலகைக்குத் தள்ளிவிட்டார், அப்படியே தொங்கிக்கொண்டு போய் இறங்கி, வீடு விசாரித்து, பின்னால் மூன்று பூனைகளோடு ரீச்சர் வீட்டுப் படலையைத் திறந்தால், வீடு முழுக்கச் சாம்பிராணி மணம். ரீச்சரின் தாயார் கேதீஸ்வரி அம்மா ஈரத் தலையோடு திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார். அன்று கந்தசட்டி முதல் நாள். வீட்டில் எல்லோரும் விரதம். விரதம் இல்லாத நாளிலும் அங்கே மீன் மச்சம் சமைப்பதில்லை என்று பிறகுதான் அறிந்தேன். மீனைக் குழந்தைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தனான் என்றேன். குருநகரிலிருந்து ஒரு ஆள் அறக்குளாவோடு சும்மா போகக்கூடிய பக்கம் அல்ல பண்டத்தரிப்பு. அந்த அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து தந்தார். ரீச்சர் வந்து பையைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“அண்ணை, எனக்கு ஒண்டும் தரவேண்டாம். பிள்ளையை நாளைக்கும் அனுப்புங்கோ, அதுவே எனக்குக் காணும்.”

திரும்பி வந்தால் அதே பஸ், அதே நடத்துநர். மீனை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு விபரம் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு பரீட்சை வரையும் பின்னேரத்தில் ஜெயகௌரி ரீச்சர் வந்து ஏறாமல் அந்த பஸ், நிலையத்தை விட்டு வெளிக்கிட்டதில்லை.

இனி நான் செய்த பெரிய பிழையை எழுதுகிறேன். கணிதப் பரீட்சைக்கு முந்தின நாள் பின்னேரம், பிள்ளைக்குத் தெரியாமல் அவளுடைய அனுமதி அட்டையை எடுத்துப்போய், சந்தியிலுள்ள அந்தோனியார் சிற்றாலயத்தில் சுரூபத்தின் காலடியில் வைத்து மன்றாடினேன். நன்றாக மன்றாடினேன். மன்றாடி முடித்து மனப்பாரம் குறைந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அட்டை அங்கேயே. மறுநாள் காலை பரீட்சை மண்டப வாசலில் நிரோஜா பையைத் திறந்து பார்த்து, திரும்பவும் பார்த்து, நிலத்தில் குந்திவிட்டாள். தொடங்க இருபத்தைந்து நிமிடம். தொலைந்த பொருளைத் தேடித் தருகிற அந்தோனியாரின் காலடியிலேயே அட்டையைத் தொலைத்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தோனியார், காலடி, அட்டை என்று மூன்று சொல்லை மட்டும் உளறினேன், பிடித்திருந்த சைக்கிள் கையை விட்டு விழுந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட வந்திருந்த ஜெயகௌரி ரீச்சர் குடையை என் கையில் தந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பார் போட்ட ஆம்பிளைச் சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போனார். ஐம்பத்தி நாலு வயது அவருக்கு. வழியில் மீன் ஏற்றிய லொறி ஒன்று ஒதுங்கி இடம் விட்டதாகச் சனம் சொல்கிறது. சிற்றாலயத்தைக் கூட்டித் துடைக்கும் லூர்த்தம்மா வாடின பூக்களோடு சேர்த்து அட்டையையும் பனையோலைக் கடகத்தில் அள்ளி வெளியே வைத்திருந்திருக்கிறார். ரீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடகத்தைக் கவிழ்த்து, இரண்டு பேருமாகக் கிளறி எடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் இருக்க ரீச்சர் வந்து சேர்ந்தார். தலைமயிரில் செவ்வந்தி இதழ்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுத்தார்.

“முதல் கேள்வி பின்னமாத்தான் இருக்கும். பயப்படாமல் போ.”

நிரோஜா கண்ணைத் துடைத்துவிட்டு நேராக நடந்து உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று நான் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். நிரோஜா கைபேசியோடு ஓடி வந்து, “அப்பா, சி” என்றாள். அவள் சீ என்று வெறுத்துச் சொல்கிறாள் என்று நினைத்து, பறவாயில்லை பிள்ளை, அடுத்த முறை பார்ப்போம் என்று தேற்றத் தொடங்கினேன். சுபாஸ்தான் இடையில் புகுந்து, அண்ணை, அது திறமைச் சித்தி என்று விளங்கப்படுத்தினான். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. சீனவெடிக் கட்டு மூன்று கொளுத்தியதாகச் சொல்கிறார்கள். சத்தம் கேட்டு வந்த சனம், எத்தனை ஏ என்று கேட்டது. ஒரு ‘சி’ என்றேன். ஒரு ‘சி’க்கோ இவ்வளவு வெடி என்று கேட்டார்கள். ஓம், ஒரு ‘சி’க்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் தகப்பனும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அவருடைய முகத்தில் அன்று என்னுடைய சந்தோஷத்தில் பாதி இல்லை.

பின்னேரம் ரீச்சரே வீட்டுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பெறுபேற்றைத் தானே பார்த்தார். ‘பி’ வந்திருக்க வேண்டும், கடைசிக் கேள்வியை விட்டுவிட்டாய் போல என்று நிரோஜாவைக் கண்டித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகிறாள், ஐயா.

இப்படிப்பட்ட ஆசிரியர்கள் தங்கள் வலயத்தில் இருப்பதைத் தாங்கள் அறிய வேண்டும், ஜெயகௌரி ரீச்சருக்கு ஒரு பாராட்டாவது தங்கள் கையால் எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். தங்கள் வீட்டில் என்றும் நல்ல காரியங்களே நடக்கவும், தங்கள் பிள்ளைகளுக்கும் இவரைப் போன்ற ஒருவர் வாய்க்கவும் ஆண்டவர் துணை நிற்பாராக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ச. பிலிப்பு

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை நிரோஜாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “அப்பா, உந்தக் கடிதத்தைப் பார்த்தால் ரீச்சரைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எல்லோ மாத்திப்போடுவினம்” என்கிறாள். என் இரண்டாவது மகள் ஒன்பதாம் வகுப்பு. போன தவணை கணிதத்தில் பதினாலு. ஆகையால் மேலே எழுதியது அனைத்தையும் இத்தால் ரத்துச் செய்கிறேன். கிழித்துப் போட மனம் வரவில்லை, இரண்டு நாள் எழுதியது. ஜெயகௌரி ரீச்சர் மிகச் சாதாரணமான ரீச்சர், ஐயா. வேறொரு பள்ளிக்கூடத்துக்கும் தோதுப்படமாட்டார். அவரை ஓய்வுபெறும் வரைக்கும் எங்கள் தலையிலேயே கட்டிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் எப்படியாவது பொறுத்துக்கொள்வோம்.