நாலுக்கு மேல் ஒரு பாம்பு

கொத்தனார் சிரிலோவுக்கு நிக்கானோர் தர வேண்டிய கூலி மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது பேசோ. நிக்கானோர் வீட்டில் பாம்பு வளர்க்க என்றே ஓர் அறை. சுவரோடு சுவராக நாற்பது செங்கல் மாடங்கள், உள்ளே ஓடு பதித்து. பதினோரு நாள் வேலை. சிரிலோவின் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் நிக்கானோர் இரண்டு கைகளையும் விரித்தான்.

"மேஸ்திரி, கையில சல்லிக்காசு இல்ல."

"அண்ணே, வெறுங்கையோட போனா என் சம்சாரம் எர்லிண்டா கதவைத் திறக்க மாட்டா."

"காசுதான் இல்லன்னேன். பாம்பு இருக்கே! நீங்க கட்டின மாடம், நீங்களே பாருங்க. எது பிடிக்குதோ எடுத்துக்குங்க. கணக்கு நேராயிடும்."

வேறு எந்தக் கொத்தனாராக இருந்தாலும் கரணையைத் தூக்கி அடித்திருப்பான். சிரிலோவுக்கோ வாயெல்லாம் எச்சில் ஊறியது. புவேப்லா ஊரில் மற்றவர்கள் சனிக்கிழமை கூலியைக் குடித்துத் தீர்ப்பார்கள். இவன் எலி வாங்கித் தீர்ப்பான். வீட்டில் ஏற்கனவே நாலு பாம்புகள்.

தொல்லையே அந்த நாலில்தான் இருந்தது. எர்லிண்டா போட்ட சட்டம் அப்படி: வீட்டில் பிள்ளைகள் மூன்று, பாம்புகள் நாலு, இரண்டிலும் இனி ஒன்றுகூடக் கூடக் கூடாது. "அஞ்சாவது வந்துச்சு, அஞ்சும் வெளியே போகும்" என்று சத்தியம் செய்திருந்தாள். ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், தலையில் போட்ட துணியைக்கூட எடுக்காமல், பெட்டிகளுக்கு முன்னால் நின்று விரல் நீட்டி எண்ணுவாள்.

சிரிலோ மாடம் மாடமாக நடந்தான்.

"இந்த ஆப்பிரிக்கா பைத்தான் எப்படிண்ணே?"

"சாது. ஆனா பெரிய இடத்துப் புள்ள மாதிரி. நெனச்சா ஆறு மாசம் சாப்பிடாது."

"வேணாம். பாம்பு பட்டினி கிடந்தா நானும் கிடப்பேன். இது?"

"தொட்டா மல்லாந்து செத்த மாதிரி நடிக்கும்."

"அதுக்குத்தான் என் மச்சான் இருக்கானே, வேலைன்னு சொன்னா போதும். அந்த மஞ்சள்?"

அந்த மஞ்சள், லாரி டயர் பஞ்சரானது போலச் சீறியது. எர்லிண்டாவுக்குத் தெருமுனையிலேயே கேட்டுவிடும்.

கடைசி வரிசையில் ஒன்று தலையை நீட்டியது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என வளையம் வளையமாக உடம்பு. சிரிலோவுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அவன் வீட்டில் இருக்கும் பால்பாம்புக்கும் இதே வளையங்கள்தான்!

"இது மலை ராஜா, மேஸ்திரி. வேற இனம். பாருங்க, மூக்கு வெள்ளை."

"மூக்கை யாருண்ணே பார்க்கப் போறா? எப்பப் பார்த்தாலும் ஒண்ணுதான் கண்ணுல படணும். ரெண்டும் ஒண்ணா படாத வரைக்கும் கணக்கு நாலுதான்."

"ஒரே பெட்டியில மட்டும் வெச்சுடாதீங்க. இது மத்த பாம்பைத் தின்னுடும். அப்புறம் கணக்கு நெஜமாவே நாலாயிடும்."

சாமான் பெட்டிக்குள், ரசமட்டத்துக்குக் கீழே, மூடியில் துளை போட்ட டப்பாவில் வெள்ளைமூக்கு குடிபுகுந்தது. அன்று மாலை எர்லிண்டா கையை நீட்டினாள்.

"காசு?"

"தவணையில தர்றாராம்." அவன் யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆயிரம்."

சொல்லிவிட்டான். ஞாயிறும் வந்துவிட்டது. விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய் வெங்காய மூட்டை சுமந்தான். முந்நூற்றைம்பது கிடைத்தது. கையிருப்பில் இருந்த எழுநூறையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேலேயே வந்திருக்கும். ஆனால் பஸ்ஸில் பழைய கூட்டாளி ஒருவன், மகளுக்கு ஞானஸ்நான கவுன் எடுக்கணும் என்று கண் கலங்கினான். சிரிலோ இருநூறை எடுத்துக் கொடுத்துவிட்டான். பிறகு சந்தைக்கே திரும்பிப் போய், பூசணிக்காய் லாரியில் மிச்சத்தைச் சம்பாதித்தான். அவனுக்குக் கிடைக்க வேண்டிய கடனை அவனே உழைத்து அடைத்தான்.

"பரவாயில்லையே, நிக்கானோர் நாணயமான ஆளுதான்!" எர்லிண்டா நோட்டுகளை எண்ணி மாவு டப்பாவில் போட்டாள். "நீ ஏன்யா வெங்காய நாத்தம் அடிக்கிற?"

"அவங்க வீட்டுல வெங்காயம் அரிஞ்சாங்க."

"ஒரு வண்டியா?"

அதற்கடுத்த வாரம் அவள் சுத்தியல் தேடிச் சாமான் பெட்டியைத் திறந்தாள். பாம்பு! சத்தம் கேட்டு ஓடி வந்தவன் டப்பாவை வாங்கிக்கொண்டான்.

"வெயில் காட்டலாம்னு எடுத்து வெச்சேன், எர்லி. நம்ம பால்பாம்புதான்."

"அப்படியா? மூக்கு ஏன் வெளுத்திருக்கு?"

"சுண்ணாம்பு. சாமான் பெட்டி இல்லையா?"

அவள் ஈரத்துணி கொண்டுவந்தாள். பாம்பின் மூக்கைப் பிள்ளைக்குத் துடைப்பது போல அழுத்தித் துடைத்தாள். பாம்பும் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"போகலையே."

"நான் பூசினதாச்சே, போகுமா?"

எர்லிண்டா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அவள் தோள் குலுங்கியதை, டப்பாவை மறைக்கும் அவசரத்தில் அவன் கவனிக்கவில்லை.

அன்று முதல் சிரிலோ தானாகவே பாத்திரம் கழுவினான், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்தான். வெள்ளைமூக்கோ அவன் கைச்சூட்டில் சுருண்டு தூங்கப் பழகிவிட்டது. இனி அதைத் திருப்பிக் கொடுப்பது என்றால், அவன் விரலில் ஒன்றை வெட்டிக் கொடுப்பது போலத்தான்.

மூட்டை சுமந்தே சேர்த்த மூன்றாவது ஆயிரமும் டப்பாவில் விழுந்த அன்று எர்லிண்டா சொன்னாள்.

"இப்படி ஒரு யோக்கியனுக்கு ஒருவேளை சோறு போடலைன்னா பாவம். அடுத்த ஞாயிறு சம்சாரத்தோட வரச் சொல்லு. கோழிக்கு மோலே குழம்பு வெக்கிறேன்."

சிரிலோ செருப்பைக்கூட மாட்டவில்லை. நிக்கானோரிடம் ஓடினான்.

"அண்ணே, நீங்க எனக்கு மூவாயிரம் குடுத்திருக்கீங்க."

"நானா? எப்போ?"

"மூணு ஞாயித்துக்கிழமையா. மிச்சம் எண்ணூத்தி அம்பது."

"அதையும் நான் குடுக்கணுமா?"

"நீங்கதான் குடுப்பீங்க. காசு என்னுது."

நிக்கானோருக்கு ஏனோ இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான்.

ஞாயிறு மத்தியானம் நிக்கானோரும் அவன் மனைவி தொமாசாவும் வந்து உட்கார்ந்தார்கள். கோழியும் மோலேயும் சுடச்சுடச் சோள ரொட்டியும். சிரிலோ மட்டும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான். எர்லிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சாப்பாட்டு நேரத்துல கேக்கக் கூடாதுதான். அந்தக் கடைசித் தவணை…"

சிரிலோ மேசைக்கடியில் கையை நீட்டினான். கசங்கிய நோட்டுகள் முதலில் தொமாசாவின் முழங்காலில் முட்டி, அவள் துள்ளி, பிறகு எப்படியோ நிக்கானோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நிக்கானோர் ஒரு பிரபுவைப் போல எழுந்து நின்றான்.

"இந்தாங்க, எண்ணூத்தி அம்பது. கொஞ்சம் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

எர்லிண்டா வாங்கி எண்ணினாள். மாவு டப்பாவில் போட்டாள். மூடியைத் தட்டி மூடினாள்.

"கணக்குத் தீர்ந்துச்சு" என்றாள்.

நாலு வாரத்தில் முதல் முறையாகச் சிரிலோவுக்குப் பசித்தது. ஒரு பெரிய கோழித்துண்டை எடுத்து வாயில் வைத்தான்.

தொமாசா கையில் ரொட்டியோடு புருஷனை ஒரு பார்வை, எர்லிண்டாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க இது அநியாயம், மறுபடி எதுக்குக் காசு குடுக்குறீங்க? 'பணமா குடுத்தா எங்க வீட்டு மனுஷன் ஊருக்கெல்லாம் கைமாத்து குடுத்துட்டு வந்துடுவார், பேசாம ஒரு பாம்பையே குடுத்துடுங்க, பாம்பை எவனும் கைமாத்துக் கேக்க மாட்டான்'னு எர்லிண்டாக்கா வந்து சொல்லி, இந்தக் கடனைப் போன மாசமே தீர்த்துட்டாங்களே!"